துருப்பிடித்த பழைய பிக்கப்புக்கு பாடித் தகடு தேடுகிறவர்களுக்கு

எங்கள் வீட்டு வண்டி டாடா 207, 2005 மாடல். தூத்துக்குடியில் மீன்பிடித் துறைமுகத்துக்கும் ஐஸ் கம்பெனிக்கும் மார்க்கெட்டுக்கும் ஓடியே அதன் ஆயுள் கழிந்திருக்கிறது. எஞ்சினில் இன்றைக்கும் குறை சொல்ல முடியாது. தகடுதான் நிற்கவில்லை. கதவின் அடிவிளிம்பு, மட்கார்டு, கேபின் தரை, லோட் பாடி என்று ஒவ்வொன்றாகக் கரைந்தது. ஒவ்வொன்றுக்கும் மாற்றுத் தகடு தேடி அலைந்ததில் கற்றுக்கொண்டதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். 207 என்றில்லை, பழைய பொலேரோ பிக்கப், குட்டியானை எது வைத்திருந்தாலும் வழி ஒன்றுதான். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தகடு வாங்கக் கிளம்புவதற்கு முன்னால், துரு எங்கே போய் முடிகிறது என்று பார்த்துவிடுங்கள். பாதிப் பணம் வீணாவது இதைச் செய்யாமல்தான்.

துரு எதுவரை போயிருக்கிறது?

வெளியே தெரிகிற ஓட்டை துருவின் வால். தலை உள்ளே இருக்கும். மழை அதிகம் இல்லாத ஊரிலும் கடற்கரை வண்டி இப்படி அரிபடுவதற்குக் காரணம் உப்பு. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோற்றுப்பு காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக்கொண்டு கசியத் தொடங்கும். மழைக்காலத்தில் சமையலறை உப்பு ஜாடியில் பார்க்கிறோமே, அதேதான். மீன் பெட்டியிலிருந்து வடிகிற தண்ணீர் காய்ந்து தகட்டின் மடிப்பில் உப்பாகப் படிகிறது. கடற்கரை ஊர்களில் ராத்திரி ஈரம் ஏற ஏற அந்த உப்பு மறுபடி நனைகிறது. வண்டி நின்றுகொண்டிருந்தாலும் உள்ளே வேலை நடந்துகொண்டே இருக்கும்.

ஆகவே முதலில் வண்டியை நன்றாகக் கழுவிக் காயவிடுங்கள். சேறு ஒட்டியிருந்தால் எதுவும் தெரியாது. அப்புறம் ஒரு பழைய ஸ்க்ரூ டிரைவர், ஒரு காந்தம், ஒரு டார்ச் லைட் எடுத்துக்கொள்ளுங்கள்.

பள்ளத்தையும் ஓட்டையையும் நிரப்பப் பெயிண்டுக்கு அடியில் பூசுகிற பசையைப் பட்டி என்பார்கள். காந்தம் அதைக் காட்டிக்கொடுக்கும். மெல்லிய துணியில் சுற்றித் தகட்டில் வைத்து மெதுவாக நகர்த்துங்கள். ஒட்டிக்கொண்டே வருகிற காந்தம் ஓரிடத்தில் வழுக்கினால், அங்கே பெயிண்டுக்கு அடியில் இரும்பு இல்லை, கனமாகப் பட்டி பூசியிருக்கிறது. முன்பு எப்போதோ யாரோ மூடிவிட்டுப் போன ஓட்டை அது. செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டி என்றால் இப்படி நாலைந்து இடமாவது அகப்படும்.

ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகடு கணீரென்று கேட்கும். துருவேறிய தகட்டில் சத்தம் அடைத்துக் கேட்கும். சந்தேகமான இடத்தில் முனையை வைத்துக் கொஞ்சம் அழுத்துங்கள். இதற்குத் தயங்கவே கூடாது. அழுத்தினால் உள்ளே போகிற தகடு எப்படியும் போகப்போகிற தகடுதான்.

எங்கள் வண்டியில் கிளீனர் சைடு கதவுக்குக் கீழே, கால் வைத்து ஏறுகிற இடத்தில் ஓடுகிற பெட்டித் தகட்டில், ஒரு ரூபாய் காசு அளவுக்குப் பெயிண்ட் உப்பியிருந்தது. ரன்னிங் போர்டு என்று பட்டறையில் சொல்வது அதைத்தான். தகட்டு வேலை பார்க்கிற எங்கள் டிங்கர் ஸ்க்ரூ டிரைவரை வாங்கி அந்த உப்பலில் குத்தினார். முழுக் கம்பியும் உள்ளே போய்விட்டது. பிடுங்கியபோது முனையில் ஈரமான கறுப்புச் சேறு ஒட்டிக்கொண்டு வந்தது. வண்டி ஒரு வாரமாக வெயிலில் நின்றிருந்தது, ஆனாலும் உள்ளே ஈரம். அதைக் கட்டைவிரலில் தேய்த்துக் காட்டியவர், “தம்பி, வெளிய காசு அளவு தெரியுதுன்னா உள்ள தட்டு அளவு போயிருக்கும். இதைப் பிரிக்காம நீ தகடு வாங்கிட்டு வந்தா மறுபடியும் வாங்கப் போவ” என்றார். பிரித்துப் பார்த்தால் உள்தகடும் போயிருந்தது, அதோடு சேர்ந்த கேபின் தரையின் ஓரம் ஒரு முழத்துக்குக் காகிதம்போல் ஆகியிருந்தது. வெளித்தகடு மட்டும் வாங்கி வந்திருந்தால் அதை எதில் வைத்து வெல்டு அடிப்பது?

கட்டாயம் பார்க்க வேண்டிய இடங்கள்: கதவின் அடிவிளிம்பு, ரன்னிங் போர்டு, மட்கார்டின் பின்முனை, முன் கண்ணாடி ரப்பருக்கு அடியில் உள்ள விளிம்பு, கால்மிதிக்கு அடியில் உள்ள தரை, பேட்டரித் தட்டு, கேபினின் பின்மூலைகள். கேபினை சேஸிஸோடு பிணைக்கிற ரப்பர் மவுண்டிங்குகள் உட்காரும் இடத்தை வண்டிக்கு அடியில் படுத்துத்தான் பார்க்க முடியும். அந்த இடம் இற்றிருந்தால் மற்ற எந்தத் தகட்டுக்கும் முன்னால் அதைக் கவனிக்க வேண்டும். சேஸிஸ் சட்டமே செதில் செதிலாக உரிகிறது என்றால் தகடு தேடுவதை நிறுத்திவிட்டு, அந்த வண்டியை வைத்துக்கொள்ளலாமா என்று அனுபவமுள்ள ஒருவரிடம் கேளுங்கள்.

எதை வாங்குவது, எதைக் கட்டுவது

பார்த்ததை ஒரு தாளில் எழுதி மூன்றாகப் பிரியுங்கள். பானெட், மட்கார்டு, கதவு, கிரில் போல போல்ட்டைக் கழற்றி மாட்டக்கூடியவை ஒரு வகை. இவற்றை முழுசாக வாங்குவதுதான் லாபம். ரன்னிங் போர்டு, கேபின் தரை, கதவை ஒட்டி நிற்கிற தூணான பில்லரின் அடிப்பகுதி போல வெல்டு அடித்திருப்பவை இரண்டாவது வகை. பழைய வண்டிகளுக்கு இவை அச்சில் அடித்த தகடாகக் கிடைப்பது அரிது. பெரும்பாலும் ஷீட் வாங்கி மடித்துத்தான் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் கழித்த வண்டியிலிருந்து வெட்டி எடுத்த துண்டு வாங்க வேண்டும்.

மூன்றாவது லோட் பாடி. இதற்காகக் கடை கடையாக அலைய வேண்டாம். நம் ஊரில் லோட் பாடி கட்டுவது தனித் தொழில். நாமக்கல் பக்கம் லாரிக்கே முழு பாடி கட்டுகிறார்கள், பிக்கப்புக்குக் கட்ட உங்கள் மாவட்டத்திலேயே பட்டறை இருக்கும். தரை மட்டும் போயிருந்தால் தரையை மட்டும் செக்கர்டு பிளேட்டில், அதாவது வழுக்காமல் இருக்க மேடு மேடாக அடித்த கனத் தகட்டில் மாற்றலாம். மீன், ஐஸ், உப்பு ஏற்றுகிறவர்கள் தரையைப் பின்பக்கம் லேசாகச் சரித்து, தண்ணீர் சேஸிஸில் விழாமல் பின்னால் வழிய ஒரு வடிகால் வைக்கச் சொல்லுங்கள். நீள அகல உயரத்தை மட்டும் மாற்றாதீர்கள். அதற்கான காரணத்தைச் சட்டம் பற்றிச் சொல்லும்போது எழுதுகிறேன்.

சரியான தகட்டின் பெயரும் நம்பரும்

“207க்குக் கதவு இருக்கா?” என்று கேட்டுப் போனால் ஏதாவது ஒரு கதவு நிச்சயம் கிடைக்கும். அது உங்கள் கதவாக இருக்காது. ஒரே பெயரில் பல வருஷம் ஓடிய வண்டியில் நடுவே கிரில் மாறியிருக்கும், ஹெட்லைட் மாறியிருக்கும், லைட் மாறியதால் மட்கார்டின் வெட்டும் மாறியிருக்கும். கதவு பார்க்க அச்சாக அப்படியே இருக்கும், ஆனால் கீல் போல்ட்டின் துளை அரை அங்குலம் தள்ளியிருக்கும். கண்ணாடி ஏற்றும் மெஷின் உட்காரும் இடம் வேறாக இருக்கும்.

ஆர்.சி. நகலைக் கையில் வையுங்கள். அதில் சேஸிஸ் நம்பரும் தயாரித்த மாதம், வருஷமும் இருக்கும். கம்பெனி டீலரின் ஸ்பேர்ஸ் கவுண்டரில் அந்த நம்பரைக் கொடுத்து, வேண்டிய தகட்டின் பார்ட் நம்பரைக் கேட்டு எழுதி வாங்குங்கள். தகடு அவர்களிடம் இல்லாமல் போகலாம். நம்பர் கிடைத்தாலே போதும், அடுத்து ஏறுகிற எல்லாக் கடையிலும் அதுதான் பேசும்.

பக்கத்தைச் சொல்லும்போது இடது, வலது என்று சொல்லாதீர்கள். நீங்கள் வண்டிக்கு எதிரே நின்று வலது என்பீர்கள், கடைக்காரர் சீட்டில் உட்கார்ந்தபடி வலது என்று எடுத்துக்கொள்வார். டிரைவர் சைடு, கிளீனர் சைடு என்று சொன்னால் குழப்பமே வராது. போனில் ஆர்டர் கொடுக்கும்போது இது ரொம்ப முக்கியம்.

கிளம்பும் முன் பழைய தகட்டை நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கீல் துளைகளுக்கு இடையே உள்ள தூரம், மொத்த நீளம், உயரம் மூன்றையும் டேப் வைத்து அளந்து எழுதுங்கள். கடையில் டேப்பை எடுத்து வைத்தால் பேச்சே மாறிவிடும். எதிரே நிற்பவர், விஷயம் தெரிந்து வந்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு உள்ளே இருக்கிற நல்ல சரக்கை எடுத்துக் காட்டுவார்.

பழைய தகட்டைக் காயலான் கடையில் போட அவசரப்பட வேண்டாம். இது என் கைப்பணம் போய்க் கற்ற பாடம். வீட்டில் இடத்தை அடைக்கிறது என்று பழைய கதவை எடைக்குப் போட்டுவிட்டேன். வந்த கதவில் பூட்டு உட்காரும் தகடு இல்லை, கண்ணாடி ஓடுகிற சேனல் இல்லை, உள்பக்கக் கிளிப்புகள் எதுவுமே இல்லை. எல்லாம் பழைய கதவோடு போய்விட்டன. புதுத் தகடு மாட்டி, கதவு சாத்தி, கண்ணாடி ஏறி இறங்கும் வரை பழசு வீட்டிலேயே கிடக்கட்டும்.

எங்கே தேடுவது

கம்பெனி ஸ்பேர்ஸ் கவுண்டரிலிருந்தே தொடங்குங்கள். பழைய வண்டிக்கு அங்கே என்ன கிடைக்கப்போகிறது என்று பலர் போவதே இல்லை. பெரிய ஊர் டீலரிடம் முடிந்துபோன தகடு, சின்ன ஊர் டீலரின் அலமாரி மேல் பல வருஷமாகத் தூசி படிந்து கிடக்கும். “வேறு எந்தக் கிளையில் ஸ்டாக் காட்டுகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்” என்று தனியாகக் கேளுங்கள். கேட்காவிட்டால் யாரும் பார்த்துச் சொல்வதில்லை. இப்படித்தான் எங்கள் வண்டியின் பானெட் கம்பெனி சரக்காகவே கிடைத்தது.

அடுத்து புதுசாக வெளியே செய்து வருகிற தகடு. சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலை, ஜி.பி. ரோடு என்பார்கள், இதற்குப் பேர்போன இடம். டெல்லி காஷ்மீரி கேட் சந்தையிலிருந்து நாடு முழுக்கச் சரக்கு போகிறது. நம் ஊர்க் கடைகளில் “டெல்லி மால்” என்று சொல்வது அந்த வழியாக வருவதைத்தான். எல்லாமே மட்டம் என்று ஒதுக்கத் தேவையில்லை. மட்கார்டில் நல்ல சரக்கு உண்டு. கதவில் எனக்கு நம்பிக்கை குறைவு, ஏனென்றால் கதவு பல தகடுகள் மடிந்து சேர்ந்த பெட்டி. அச்சு கொஞ்சம் தேய்ந்திருந்தாலும் கோணல் வந்துவிடும்.

இந்தத் தகட்டைச் சோதிக்கத் தராசு போதும். ஒரு சதுர மீட்டர் இரும்புத் தகடு ஒரு மில்லிமீட்டர் கனத்தில் 7.85 கிலோ இருக்கும். கனம் 0.8 மில்லிமீட்டர் என்றால் 6.3 கிலோ. உங்கள் பழைய மட்கார்டை, துருவில் கொஞ்சம் தேய்ந்திருந்தாலும், எடை போட்டுக் குறித்துக்கொண்டு போங்கள். புதுசு அதைவிடக் குறைவாக இருந்தால் மெல்லிய தகட்டில் அடித்தது, வாங்க வேண்டாம். விரல் நுனியால் நடுவில் அழுத்தினால் டப்பென்று உள்வாங்கித் திரும்புகிறதா என்றும் பாருங்கள். மேலே பூசியிருக்கிற கறுப்பை அப்படியே நம்பாதீர்கள். துணியில் தின்னர் தொட்டு ஓர் ஓரத்தில் தேய்த்தால் கறுப்பு கையோடு வருகிறதென்றால் அது ப்ரைமர் இல்லை, கடைக்கு வந்து சேரும்வரை துரு தெரியாமல் இருக்கத் தெளித்த வெறும் பெயிண்ட்.

ஃபைபர் மட்கார்டும் விற்கிறார்கள். துருப்பிடிக்காது என்பது உண்மை. போல்ட் இறுக்குகிற இடத்தில் வெடிப்பு விடும் என்பதும் உண்மை. போல்ட்டுக்கு அடியில் அகலமான வாஷரும் ரப்பரும் வைத்து மாட்டினால் ஓரளவு தாங்கும். கதவுக்கும் பானெட்டுக்கும் நான் ஃபைபர் பக்கம் போகமாட்டேன்.

இனி பழைய சந்தை. சென்னையில் எழும்பூரை ஒட்டியுள்ள புதுப்பேட்டை. முதல் தடவை போகிறவருக்குத் தலை சுற்றும். சந்து சந்தாகக் கதவுகள் புத்தகம்போல் அடுக்கி நிற்கும். ஒரு கடையில் கதவு மட்டும், இன்னொன்றில் லைட் மட்டும், மற்றொன்றில் கண்ணாடி மட்டும் என்று பிரித்து வைத்திருப்பார்கள். முதல் கடையிலேயே விலை பேசாதீர்கள். மூன்று கடை சும்மா கேட்டுக்கொண்டே நடங்கள். விலை தெரிந்துவிடும், எந்தக் கடையில் எந்த வண்டிச் சரக்கு அதிகம் என்பதும் தெரிந்துவிடும். காலையிலேயே போய்விடுங்கள், வெளிச்சத்தில்தான் துரு தெரியும்.

நான் போன ஒரு கடையில் பாய் ஒருவர் கதவை எடுத்து வைத்ததும், “பாய், இது எந்த ஊர் வண்டி?” என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே கதவைத் தலைகீழாகத் திருப்பி வைத்தார். “ஊரை என்கிட்ட ஏன் கேக்குறீங்க, இதுகிட்ட கேளுங்க” என்று அடிவிளிம்பைக் காட்டினார். தண்ணீர் வடியும் துளைகள் மூன்றும் சுத்தமாகத் திறந்திருந்தன. உள்ளே டார்ச் அடித்தபோது கம்பெனியில் பூசிய சாம்பல் ப்ரைமர் அப்படியே தெரிந்தது. ஓரத்தில் கொஞ்சம் செம்மண் தூசி. கடல் காற்றே படாத வண்டியின் கதவு அது. அன்றிலிருந்து பழைய கதவை எங்கே பார்த்தாலும் முதலில் தலைகீழாகத் திருப்புவதுதான் என் வழக்கம்.

பழைய தகடு தேடுகிறவர்கள் இதைக் கண்டிப்பாக மனதில் வையுங்கள். கடற்கரையில் இருக்கிற நமக்குக் கடற்கரை ஊர்க் கழிவு வண்டி உதவாது. கரூர், சேலம், தர்மபுரி, கோயம்புத்தூர் போல உள்நாட்டு மாவட்டங்களில் ஓடிக் கழிந்த வண்டியின் தகட்டைத் தேடுங்கள். பெயிண்ட் வெளுத்திருக்கும், ஆங்காங்கே நசுங்கியிருக்கும், போகட்டும். நசுங்கலை டிங்கர் தட்டி எடுத்துவிடுவார். இற்றுப்போன இரும்பை யாராலும் மீட்க முடியாது. அந்த ஊர்களில் லாரி ஓட்டுகிற தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லி வையுங்கள். பட்டறைகளில் ஓரங்கட்டி நிற்கிற வண்டி பற்றி அவர்கள் காதுக்குத்தான் முதலில் செய்தி வரும். ஒரே தகடுக்காகப் போய் வருவதைவிட, ஒரே வண்டியிலிருந்து இரண்டு கதவு, மட்கார்டு, கண்ணாடி, பூட்டு, கிளிப் எல்லாம் சேர்த்து எடுத்தால் பேரமும் படியும், பொருத்தமும் சரியாக வரும்.

கதவு வாங்கும்போது கீலையும் சேர்த்து வாங்குங்கள். கீல் ஊசி தேய்ந்திருந்தால் எவ்வளவு நல்ல கதவும் தொங்கும். கதவைப் பக்கவாட்டில் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து விளிம்பு முறுக்கியிருக்கிறதா என்று பாருங்கள். விபத்து வண்டிக் கதவில் வெளித்தகட்டை அழகாகத் தட்டி வைத்திருப்பார்கள், உள்சட்டம் வளைந்தே இருக்கும். காந்தத்தை இங்கேயும் ஓட்டுங்கள்.

பில் இல்லாமல் எதையும் வாங்காதீர்கள். கடைப் பெயர், தேதி, என்ன பொருள் என்று எழுதிய சின்னத் தாளாவது வேண்டும். வெட்டி எடுத்த பெரிய துண்டோ முழுக் கேபினோ வாங்கினால், அந்த வண்டி முறைப்படி கழிக்கப்பட்டது என்பதற்கான ஆர்.சி. ரத்து நகலைக் கேளுங்கள். தர மறுத்தால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வந்துவிடுங்கள். திருட்டு வண்டியின் பாகம் என்று பின்னால் தெரியவந்தால் வாங்கியவர்தான் போலீஸ் ஸ்டேஷனுக்கு அலைய வேண்டும்.

ஊருக்குக் கொண்டுவருவது

முடிந்தால் கூடவே கொண்டுவாருங்கள். லாரி பார்சலில் போட்டால் மூலைகளுக்குப் பழைய டியூபோ தெர்மகோலோ வைத்து, சாக்கில் சுற்றி, நிறுத்தி வைக்கச் சொல்லிக் கட்டுங்கள். படுக்கப்போட்டால் மேலே மூட்டை ஏறிவிடும். எங்களுக்கு ஒரு மட்கார்டு அப்படித்தான் நடுவில் மடிந்து வந்தது. பார்சல் ஆபீஸில் கையெழுத்துப் போடும் முன்பே பிரித்துப் பார்த்து, அடி பட்டிருந்தால் அந்த ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். வீட்டுக்கு வந்து பிரித்த பிறகு சொன்னால் யாரும் பொறுப்பேற்கமாட்டார்கள்.

பெயிண்டுக்கு முன் மாட்டிப் பாருங்கள்

தகடு வந்ததும் நேராகப் பெயிண்டரிடம் போகக் கூடாது. வெறும் தகடாகவே வண்டியில் மாட்டி, எல்லா போல்ட்டும் பாதி இறுக்கத்தில் இருக்கும்போது சந்துகளைப் பாருங்கள். கதவுக்கும் மட்கார்டுக்கும் நடுவே, கதவுக்கும் பில்லருக்கும் நடுவே மேலிருந்து கீழ்வரை சந்து ஒரே அளவாக ஓட வேண்டும். தீக்குச்சிகளை அளவாக வைத்து எங்கள் டிங்கர் பார்ப்பார். மேலே இரண்டு குச்சி நுழைந்து கீழே ஒன்றுதான் நுழைகிறது என்றால் கீலில் சரிசெய்ய வேண்டும். கடைசியில் பானெட்டையும் மாட்டி, எல்லாம் ஒத்துவந்த பிறகே கழற்றிப் பெயிண்டுக்கு அனுப்புவோம். பொருந்தாத தகட்டை இந்தக் கட்டத்தில் கடைக்காரர் மாற்றித் தருவார். பெயிண்ட் ஏறிவிட்டால் தரமாட்டார்.

வெல்டு அடிக்கிற இடங்கள்

ரன்னிங் போர்டும் கேபின் தரையும் பெரும்பாலும் ஷீட்டில்தான் செய்ய வேண்டியிருக்கும் என்றேன். சி.ஆர். ஷீட், அதாவது சூடாக்காமல் உருட்டிய வழவழப்பான இரும்புத் தகடு வாங்குங்கள். தரைக்கும் ரன்னிங் போர்டுக்கும் 18 கேஜ், அதாவது சுமார் 1.2 மில்லிமீட்டர். கதவின் அடிவிளிம்பு போன்ற வெளித்தகட்டு ஒட்டுக்கு 20 கேஜ், சுமார் 0.9 மில்லிமீட்டர். எட்டுக்கு நாலு அடி முழு ஷீட் 18 கேஜில் 28 கிலோ, 20 கேஜில் 21 கிலோ சுமாராக வரும். எடை கணிசமாகக் குறைந்தால் கேஜ் குறைத்துக் கொடுக்கிறார்கள் என்று அர்த்தம். மடிப்புகளைக் கையால் தட்டாமல் பெண்டிங் மெஷின் உள்ள பட்டறையில் கொடுத்து மடித்தால் விளிம்பு நேராக வரும். அட்டையை வெட்டி மாதிரி செய்துகொண்டு போனால் அவர்களுக்கும் சுலபம்.

கேபின் தரையில் கம்பெனி அடித்திருக்கிற வரிவரியான பள்ளங்கள் அழகுக்காக வைத்தவை அல்ல, தகட்டுக்கு விறைப்பு தருபவை. அந்த இடத்தில் தட்டை ஷீட்டை வைத்தால் கால் வைக்கும்போதெல்லாம் டமடமவென்று அடிக்கும். குறுக்கே ஒரு மடிப்புக் கம்பியாவது கொடுக்கச் சொல்லுங்கள்.

துருவை வெட்டும்போது கஞ்சத்தனம் வேண்டாம். கிரைண்டரில் தீப்பொறி நன்றாகப் பறக்கிற, பளபளப்பான இரும்பு வரும் வரை வெட்ட வேண்டும். இற்ற தகட்டில் வெல்டு பிடிக்காது, ஓட்டை பெரிதாகிக்கொண்டே போகும். மெல்லிய தகட்டுக்கு சி.ஓ.2 வெல்டிங்தான் நல்லது. ராடு வெல்டிங் தகட்டை எரித்து ஓட்டையாக்கும், கேஸ் வெல்டிங் சூட்டில் தகடு நெளியும். ஒரே ஓட்டமாக அடிக்காமல், இங்கே ஒரு புள்ளி, எதிர்முனையில் ஒரு புள்ளி என்று ஆறவிட்டு ஆறவிட்டு அடிக்கச் சொல்லுங்கள். வேலை தொடங்கும் முன் பேட்டரி வயரைக் கழற்றிவிடுங்கள். தரைவிரிப்பு, சீட், பக்கத்தில் போகிற வயர், டீசல் டியூப் எல்லாவற்றையும் விலக்கி, ஒரு வாளி தண்ணீரும் ஈரச் சாக்கும் பக்கத்தில் வையுங்கள். ஜி.ஐ. ஷீட் போடுகிறவர்கள் வெல்டு அடிக்கிற விளிம்பில் துத்தநாகப் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட வேண்டும். அந்தப் புகையைச் சுவாசித்தால் ராத்திரி குளிர்காய்ச்சல் வரும். கதவு ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யச் சொல்லுங்கள்.

உள்பக்கப் பூச்சு

வெளியே அடிக்கிற பெயிண்ட் கண்ணுக்கு. வண்டியைக் காப்பாற்றுவது உள்ளே போகிற பூச்சு. புதுக் கதவு மாட்டும் முன்பே, ரன்னிங் போர்டை மூடிய பின்பு துளை வழியாக, உள்பக்கம் முழுக்க ப்ரைமரும் அதற்குமேல் மெழுகுப் பூச்சோ துருத்தடுப்பு எண்ணெயோ குழாய் வைத்துத் தெளிக்க வேண்டும். பட்டறையில் கேட்டால்தான் செய்வார்கள், பக்கத்தில் நின்று பாருங்கள். தெளித்து முடித்ததும் வடிகால் துளை ஒவ்வொன்றிலும் மெல்லிய கம்பி விட்டு அடைப்பில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அண்டர்கோட்டிங் அடிக்கிறவர்கள் அவசரத்தில் அந்தத் துளைகளையும் சேர்த்து மூடிவிடுவதுண்டு. அப்படி மூடிவிட்டால் ரன்னிங் போர்டு தண்ணீர்த் தொட்டியாகிவிடும்.

சட்டமும் எஃப்.சி.யும்

சரக்கு வண்டிக்கு எட்டு வருஷம் தாண்டிவிட்டால் எஃப்.சி., அதாவது வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று, வருஷா வருஷம் வாங்க வேண்டும். தகடு மாற்றுகிற வேலையை எஃப்.சி. முடிகிற தேதிக்கு ஒரு மாதமாவது முன்னால் தொடங்குங்கள். தகடு தேடலில் இரண்டு வாரம் எளிதாகப் போய்விடும்.

அதே அளவில், அதே வடிவில் கதவோ மட்கார்டோ மாற்றுவதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. நிறத்தை மாற்றினால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் சொல்லி ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். லோட் பாடியின் அளவையோ வகையையோ மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52இன் கீழ் வருகிறது. ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்பதுதான் அதன் சாரம். உயரத்தை ஓர் அடி கூட்டிக் கட்டிவிட்டு எஃப்.சி.க்குப் போய்த் திரும்பி வந்து, மறுபடி வெட்டியவர்களை எனக்குத் தெரியும்.

சேஸிஸ் நம்பர் அடித்திருக்கிற இடத்தில் கிரைண்டரோ வெல்டிங்கோ படவே கூடாது. அந்த இடம் துருப்பிடித்து எழுத்து மங்குகிறது என்றால் நீங்களாகத் தேய்க்காமல், முதலில் ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேளுங்கள். கேபினில் வண்டியின் விவரம் பொறித்துக் கம்பெனி அடித்திருக்கிற சின்னத் தகட்டையும் பிடுங்கி வேறு கேபினில் அடிக்காதீர்கள். முழுக் கேபின் மாற்றுகிறவர்கள் வேலைக்கு முன்பே அதைப் பற்றி அங்கே பேசிவிடுவது நல்லது.

இன்சூரன்ஸ் துருவுக்குப் பணம் தராது, அது தேய்மானம். விபத்தில் நசுங்கிய தகட்டுக்குத் தரும். ஆனால் பத்து வருஷம் தாண்டிய வண்டி என்றால் இரும்புப் பாகத்தின் விலையில் 50 சதவீதத்தைத் தேய்மானமாகக் கழித்துக்கொள்வார்கள். இதைத் தெரிந்துகொண்டு கிளெய்முக்குப் போனால் பட்டறையில் பில்லைப் பார்த்து அதிர்ச்சி வராது.

எங்கள் வண்டியில் இப்போது உள்நாட்டுக் கதவுகள் இரண்டும் மாட்டியாகிவிட்டன. ஒவ்வொரு நாள் மீன் லோடு இறக்கியதும் நல்ல தண்ணீர்க் குழாயைக் கதவின் அடிவிளிம்பிலும் ரன்னிங் போர்டிலும் பிடித்து, கீழே வடிகிற தண்ணீர் தெளிவாக வரும்வரை கழுவுகிறோம். கையில் தொட்டு நாக்கில் வைத்தால் கரிக்கக் கூடாது, அதுதான் கணக்கு. அப்புறம் இரண்டு கதவையும் திறந்துபோட்டு வண்டியை வெயிலில் நிறுத்திவிடுவோம்.